பள்ளி மணியும் பகுதிநேர வேலையும்

பகுதிநேர வேலை விகிதம் உயர்ந்திருக்கிறது என்று வகுப்பில் சொன்னால், முழுநேர வேலைகள் குறைந்துவிட்டன என்றே மாணவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அது எப்போதும் சரியல்ல. ஒரு சிறு கணக்கைக் கரும்பலகையில் எழுதலாம். ஓர் ஊரில் 50 பெண்கள் வேலை செய்கிறார்கள். 40 பேர் முழுநேரம், 10 பேர் பகுதிநேரம். விகிதம் 20 சதவீதம். இதுவரை வீட்டில் இருந்த 30 பெண்கள் பகுதிநேர வேலையில் சேர்கிறார்கள். இப்போது 80 பேரில் 40 பேர் பகுதிநேரம். விகிதம் 50 சதவீதம். முழுநேர வேலையில் இருந்த 40 பேரும் அப்படியேதான் இருக்கிறார்கள். வேலையில் இல்லாதவர்கள் பகுதியில் (வகுக்கும் எண்ணில்) சேர்வதே இல்லை என்பதுதான் விஷயம்.

நெதர்லாந்தில் ஏறக்குறைய இதுவே நடந்தது. 1970-களுக்கு முன் அங்கே திருமணமான பெண்களில் சிலரே சம்பள வேலைக்குச் சென்றனர். பின்னர் வந்தவர்களில் பெரும்பாலோர் பகுதிநேரமாக வந்தனர். தன் வேலைநேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ கேட்கும் உரிமையை 2000-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளருக்குத் தந்தது.

ஜெர்மனியின் கதை நம் தொழிலுக்கு இன்னும் நெருக்கமானது. மேற்கு ஜெர்மனியில் பள்ளிகள் பெரும்பாலும் நண்பகலோடு முடிந்துவிடும். பிள்ளை சாப்பாட்டு வேளைக்கு வீடு திரும்பினால் தாய் முழுநாள் வேலைக்கு எப்படிப் போவார்? கிழக்கு ஜெர்மனியிலோ குழந்தைகள் காப்பகமும் பள்ளிக்குப் பிந்தைய பராமரிப்பும் பரவலாக இருந்தன. தாய்மார்கள் முழுநேரம் உழைப்பது இயல்பு. 1990-இல் நாடு ஒன்றான பிறகும் மேற்குப் பெண்களிடையே பகுதிநேர வேலை அதிகம், கிழக்கில் குறைவு என்ற வேறுபாடு நீடித்தது. காரணமும் வேறு: மேற்கில் குடும்பப் பொறுப்பு என்றவர்கள் மிகுதி, கிழக்கில் முழுநேர வேலை கிடைக்கவில்லை என்றவர்கள் மிகுதி. முழுநாள் பள்ளிகளைப் பெருக்க, 2003-இல் மத்திய அரசு 400 கோடி யூரோ ஒதுக்கியது. அதற்குத் தூண்டுகோலாக இருந்தது பீசா தேர்வில் மாணவர்கள் பெற்ற ஏமாற்றமான முடிவு. தாய்மார்களின் வேலை பற்றிய கவலை அதோடு சேர்ந்துகொண்டது.

ஒப்பிடும்போது வரையறையையும் பார்க்க வேண்டும். வாரம் 30 மணி நேரத்துக்குக் குறைவு என்பது பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் அளவு. அமெரிக்காவில் 35 மணி நேரம். எல்லைக்கோடு நகர்ந்தால், ஒருவரின் வேலை மாறாமலே அவர் பகுதிநேரத் தொழிலாளி ஆகிவிடுவார்.

இந்தியாவின் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பில், வாராந்திர நிலைப்படி, ஏழு நாளில் ஏதேனும் ஒரு நாள் ஒரு மணி நேரம் உழைத்தவரும் வேலையில் உள்ளவரே. எனவே இரு மாநிலங்களை ஒப்பிடும் பயிற்சி தரும்போது வேலை விகிதத்தோடு, அதே கணக்கெடுப்பு பதிவு செய்யும் உழைத்த மணி நேரத்தையும் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள்.