கோழித்தோல் அழுக்கல்ல

ஈப்போ நகரத்து அடுக்குமாடியிலும், ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட பேராக் தோட்டப்புறங்களிலும் பல பிள்ளைகளின் மேற்கையைத் தடவினால் மணல் நெருடுவதுபோல் இருக்கும். மலாய்க்காரர்கள் இதைக் ‘கூலிட் ஆயாம்’, அதாவது கோழித்தோல் என்பார்கள்; மருத்துவப் பெயர் கெரட்டோசிஸ் பிலாரிஸ். சரியாகக் குளிக்காததால் சேர்ந்த அழுக்கு என்றோ உடம்புச் சூடு என்றோ கருதிப் பீர்க்கங்காய் நாரால் தேய்த்துவிடும் வீடுகள் உண்டு. உண்மையில் தோலைக் கெடுப்பது அந்தத் தேய்ப்புதான்.

தோலின் மேலடுக்கை உறுதியாக்கும் கெராட்டின் என்ற புரதம் மயிர்க்கால்களின் வாயில் மிகுதியாகச் சேர்ந்து அடைப்பாக இறுகுவதே இந்தப் பொரிகள். இது பெரும்பாலும் பரம்பரையாக வருவது. தொற்றாது, புற்றாக மாறாது. பதின்பருவத்தில் மிகுந்து, பலருக்கு வயது ஏற ஏறத் தணியும். அழுத்தித் தேய்த்தாலும் அடைப்பு உருவாவது நிற்காது, தோல்தான் புண்ணாகும். நம் மாநிறத் தோலில் அந்தப் புண் ஆறிய இடம் கருமையாக நெடுநாள் நிற்கும்.

‘சத்துக் குறைவால் வருவதில்லையா?’ என்று கேட்பவர்களின் ஐயத்துக்கும் காரணம் உண்டு. 1933-இல் இலங்கையில் லூசியஸ் நிக்கல்ஸ் என்ற மருத்துவர், ஊட்டக்குறைவால் வரும் சொரசொரப்பு ஒன்றுக்குத் தேரைத்தோல் என்று பொருள்படும் ‘ஃபிரைனோடெர்மா’ என்ற பெயரைச் சூட்டினார். வைட்டமின் ஏ பற்றாக்குறையே காரணம் என்றார். ஆனால் அது பெரும்பாலும் முழங்கையிலும் முழங்காலிலும் பெரிய முள்முள்ளாக வரும், மாலைக்கண்ணும் உடன்வரலாம். அப்படியானால் மருத்துவரிடம் போகவேண்டும். நன்றாகச் சாப்பிடும் பிள்ளையின் மேற்கையில் மட்டும் உள்ள பொரிக்குச் சத்து மாத்திரை தேவையில்லை.

தோல் வறண்டால் பொரி கூடும். ஈரக்காற்று வீசும் ஈப்போவில் தோல் ஏன் வறள்கிறது என்றும் கேட்கலாம். நாள் முழுதும் குளிர்சாதன அறையில் இருப்பதும் காரமான சோப்பும் போதும், தோலின் ஈரத்தை உறிஞ்சிவிட. மென்மையான சோப்பில் குளித்து, ஈரம் காயுமுன் யூரியா அல்லது லாக்டிக் அமிலம் கலந்த கிரீமைப் பூசினால் அடைப்பு இளகும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும், நிறுத்தினால் திரும்பும். ‘தீங்கில்லை என்றால் எதற்கு வைத்தியம்?’ என்றால், கூச்சத்தில் முழுக்கைச் சட்டைக்குள் ஒளியும் பிள்ளைக்காகத்தான். அந்தக் கூச்சத்தைக் காசாக்கும் வெளுப்புக் கிரீம்கள் சிலவற்றில் பாதரசமும் ஸ்டீராய்டும் இருந்ததாக மலேசிய சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. அவற்றை வாங்காதீர்கள். நாரைக் கீழே வையுங்கள்; பிள்ளையிடம் ‘இது அழுக்கல்ல’ என்று சொல்லுங்கள்.