உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ள பழமையான திருமால் கோயில்களுள் ஒன்றாகும். அளவில் சிறிய இக்கோயில், சுவர்களில் உள்ள குடவோலைக் கல்வெட்டுகளால் புகழ்பெற்றது. இவ்வூர் பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில் பிரமதேயமாக உருவானது. பிற்காலச் சோழர் ஆட்சியில் ஊர்ச்சபை இங்குதான் கூடியது.

கல்வெட்டுகள்

முதலாம் பராந்தகச் சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளில் (கி.பி. 919, 921) இவை வெட்டப்பட்டன. ஊர் 30 குடும்புகளாக, அதாவது இன்றைய வார்டுகளைப் போன்ற பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலிருந்தும் ஒருவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர்களிலிருந்து சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் ஆகியவை அமைந்தன. பதவிக்காலம் 360 நாட்கள்.

தகுதிகள்

- வரி செலுத்தும் கால் வேலி நிலமாவது இருக்க வேண்டும்.
- சொந்த மனையில் வீடு கட்டியிருக்க வேண்டும்.
- வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும்.
- வேதக் கல்வி பெற்றிருக்க வேண்டும்.
- முந்தைய 3 ஆண்டுகளில் வாரியத்தில் இருந்திருக்கக் கூடாது.

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் இத்தடை பொருந்தும். பொதுப்பணத்தைக் கையாள்பவர் கணக்குச் சொல்லியே ஆகவேண்டும் என்ற இவ்விதிதான் கல்வெட்டின் உயிர்நாடி எனலாம்.

தேர்வு முறை

தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இடுவர். சபையோர் முன்னிலையில், விவரம் அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுப்பான். அதை மத்தியஸ்தர் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் வாங்கி, உரக்கப் படிப்பார். ஓலையை மறைத்து மாற்ற இடமில்லாதபடி இம்முறை அமைந்தது.

இது மக்களாட்சியா?

இன்றைய பொருளில் இதனை மக்களாட்சி என்று கூற இயலாது. நிலமுடைய, வேதம் கற்ற பிராமண ஆண்களே இதில் இடம்பெற்றனர். பெண்களுக்கும் உழைக்கும் மக்களுக்கும் இடமில்லை. தேர்வும் வாக்கெடுப்பன்று, குலுக்கலே. ஆயினும் பதவிக்கு வரம்பு, கணக்குக்குப் பொறுப்பு, வெளிப்படையான தேர்வு ஆகியவை 1,100 ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் பதிவானது சிறப்புக்குரியது. இதன் பெருமையையும் எல்லையையும் சேர்த்தே மாணவர்கள் அறிய வேண்டும்.

காண வருவோர்க்கு

காஞ்சிபுரத்திலிருந்து சுமார் 30 கி.மீ. தொலைவில் உத்திரமேரூர் உள்ளது. மூன்று தளங்கள் கொண்ட சுந்தரவரதப் பெருமாள் கோயிலையும் இவ்வூரிலேயே காணலாம். கல்வெட்டு எழுத்துகளின் மீது சுண்ணாம்போ எண்ணெயோ பூசக்கூடாது. அவை சிதைந்தால் இந்த ஆவணத்தை மீண்டும் எழுத எவராலும் இயலாது.