படம் பிடிக்கலாம், பூச்சியைப் பிடிக்க வேண்டாம்!

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



தேனீயின் கண்ணில் முடி முளைத்திருக்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? உண்மைதான். ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு கண்கள் சேர்ந்ததுதான் அதன் ஒரு கண். அவற்றின் இடையிடையே மெல்லிய முடிகள் நிற்கின்றன. ஆடி, ஆவணியில் சுந்தரபாண்டியபுரம் சூரியகாந்தித் தோட்டங்களுக்கு எத்தனையோ பேர் போட்டோ எடுக்க வருகிறார்கள். பூவோடு சேர்ந்து நம் முகம் படத்தில் வந்துவிடும். பூவில் உட்கார்ந்து வேலை பார்க்கிற தேனீ மட்டும் ஒரு மங்கலான புள்ளியாகத்தான் இருக்கும். அந்தப் புள்ளியைத் தெளிவாக எடுப்பது எப்படி? அதுவும் ஃப்ளாஷ் இல்லாமல், பூச்சியைக் கொல்லாமல்? இதற்குப் பெயர் ‘ஃபோகஸ் ஸ்டாக்கிங்’. இதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கிட்டப் போனால் ஏன் மங்குகிறது?

தூரத்து மலையைப் படம் எடுத்தால் மலை, மரம், கோபுரம் எல்லாமே தெளிவாக விழும். பூச்சிக்குக் கிட்டே போகப் போக, தெளிவாகத் தெரிகிற ஆழம் சுருங்கிக்கொண்டே வரும். இதைத்தான் ‘டெப்த் ஆஃப் ஃபீல்டு’ என்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பூச்சி அதன் நிஜ அளவிலேயே சென்சார் மேல் விழுகிறது, லென்ஸ் துவாரம் எஃப் 8 என்று வைத்துக்கொள்வோம். சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவில் தெளிவின் ஆழம் சுமார் 0.64 மி.மீ. தான்! நிஜ அளவைப்போல இரண்டு மடங்காகப் பெரிதாக்கினால் அது 0.24 மி.மீ. ஆகிவிடும். ஆக, தட்டானின் கண் தெளிவாக வந்தால் சிறகு மங்கும். சிறகு வந்தால் கண் போய்விடும்.

“துவாரத்தை எஃப் 22-க்குச் சுருக்கினால் ஆழம் கூடுமே?” என்று நீங்கள் கேட்கலாம். கூடும். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் படிக்கிற விளிம்பு விளைவு அங்கே வந்து நிற்கும். சின்னத் துவாரத்தில் நுழைகிற ஒளி விரிந்துபோய், படம் முழுவதுமே கொஞ்சம் மங்கிவிடும். ஒரு இடத்தில் கிடைத்த லாபம் இன்னொரு இடத்தில் நஷ்டம்.

வட்டம் வட்டமாக நறுக்கு!

இதற்கு வழி எளிமையானது. அம்மா வாழைத்தண்டை வட்டம் வட்டமாக நறுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோலப் பூச்சியைப் படங்களாக நறுக்க வேண்டும்! முதல் படத்தில் கொம்பின் நுனி மட்டும் தெளிவாக இருக்கும். கொஞ்சம் முன்னால் நகர்ந்து அடுத்த படம் எடுத்தால் கண், அதற்கடுத்ததில் கழுத்து, பிறகு சிறகு. ஒவ்வொரு படத்திலும் தெளிவாக உள்ள பகுதியை மட்டும் கம்ப்யூட்டர் எடுத்து ஒன்றாக ஒட்டிக் கொடுத்துவிடும்.

நகர்த்துகிற தூரம் தெளிவின் ஆழத்தைவிடக் குறைவாக இருப்பது முக்கியம். அப்போதுதான் ஒரு துண்டு அடுத்த துண்டின் மேல் சற்று ஏறி நிற்கும். 0.64 மி.மீ. ஆழத்துக்கு 0.4 மி.மீ. நகர்த்தினால் சரியாக இருக்கும். பூச்சியின் முன்பக்கத்திலிருந்து பின்பக்கம் வரை 6 மி.மீ. ஆழம் என்றால் 16 படங்கள் வேண்டும்.

நம்ம வொர்க்‌ஷாப்பே போதும்

0.4 மி.மீ. நகர்த்துவது எப்படி என்று திகைக்க வேண்டாம். ஸ்க்ரூ கேஜ் பிடித்த கை நம் கை! எம் 6 போல்ட்டின் சாதாரண மரையில் பிட்ச் 1 மி.மீ. ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் 1 மி.மீ. நகரும். அதன் தலையில் ஒரு வட்டத் தகடு பொருத்திப் பத்துக் கோடு போட்டால், ஒரு கோட்டுக்கு 0.1 மி.மீ. நாலு கோடு திருப்பினால் வேலை முடிந்தது. இரண்டு வழுக்குக் கம்பி, ஒரு நட், கேமரா உட்காரச் சின்ன மேடை இருந்தால் போதும். லேத்தில் இதைவிடக் கஷ்டமான ஜாப் எல்லாம் நாம் செய்கிறோம். ஒன்றை மட்டும் மறக்காதீங்க. மரையில் பேக்லாஷ் இருக்கும். அதனால் ஒரே திசையில் மட்டும் திருப்ப வேண்டும்.

லென்ஸ் விஷயத்திலும் சிக்கனம் உண்டு. மேக்ரோ லென்ஸ் விலையை எங்கப்பாவிடம் சொன்னால் ஒரு போகத்து நெல் கணக்கைச் சொல்வார்! துவாரத்தைக் கையாலேயே திருப்பி வைக்கக்கூடிய பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்றை, ரிவர்ஸ் ரிங் போட்டுத் தலைகீழாக மாட்டினால், ஏறத்தாழ நிஜ அளவுக்குப் படம் கிடைக்கும்.

கருவியைத் தானே அமைத்துக்கொள்வது நம் சீமைக்குப் புதிதில்லை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் 1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர், 1996-ல் மறைந்தார். காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் புகழ்பெற்ற அவர், வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தானே அமைத்துக்கொண்ட கேமராவில்தான் எடுத்தார். யானையை எடுத்தவருக்குப் பொருந்தியது எறும்பை எடுக்கிற நமக்குப் பொருந்தாதா?

காற்று எதிரி, சாரல் நண்பன்

குற்றாலத்தில் சீசன் என்றால் நமக்கெல்லாம் கொண்டாட்டம். பூச்சிப் படம் எடுக்கிறவனுக்கு மட்டும் திண்டாட்டம்! தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாகப் புகுந்து வீசும். இந்தப் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பது அதனால்தான். 0.4 மி.மீ. கணக்குப் பார்க்கிற இடத்தில் இலை ஒரு சென்டிமீட்டர் ஆடினால் எல்லாம் வீண். தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு, செடித் தண்டை ஒரு குச்சியோடு சேர்த்துத் தளர்வாகக் கட்டினால் ஆட்டம் குறையும். காற்று ஏறுவதற்கு முன், விடிந்ததும் எடுத்துவிடுவது இன்னும் நல்லது.

ஆனால் அதே சீசன் ஒரு வரமும் தருகிறது. அதுதான் வெளிச்சம். உச்சி வெயிலில் வண்டின் முதுகு கண்ணாடிபோலப் பளபளக்கும்; அந்த இடம் படத்தில் வெறும் வெள்ளையாகிவிடும். மேகம் மூடிய வானமோ ஒரு பெரிய வெள்ளைக் குடை. நிழல் மென்மையாக விழும், நிறம் நிறமாகவே வரும். வெயில் அடித்தால் நாமே குடை பிடிக்கலாம். வெள்ளை வேட்டித் துணியோ டிரேசிங் பேப்பரோ வெயிலுக்குக் குறுக்கே இருந்தால் போதும். நிழல் பக்கம் ஒரு தெர்மோகோல் துண்டை வைத்தால் அங்கேயும் வெளிச்சம் திரும்பும். எக்ஸ்போஷர், ஒயிட் பேலன்ஸ் இரண்டையும் மேனுவலில் நிறுத்திவிடுங்கள். நடுவில் மேகம் விலகி வெளிச்சம் மாறினால் முதல் படத்திலிருந்து மறுபடி தொடங்குவதே நல்லது.

அசையாத பூச்சிக்கு எங்கே போவது?

இதுதான் முக்கியமான கேள்வி. 16 படம் எடுக்க ஒரு நிமிஷம் ஆகும். அதுவரை பூச்சி அசையக்கூடாது. சிலர் குறுக்கு வழியாகப் பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மயக்குகிறார்கள். இன்னும் சிலர் பசை போட்டு ஒட்டுகிறார்கள். செத்த பூச்சியை இலைமேல் உட்கார வைத்து “காட்டில் எடுத்தது” என்பவர்களும் உண்டு. இங்கிலாந்தின் லெவோன் பிஸ் என்ற கலைஞர், ஒரு பூச்சிக்குச் சுமார் 8,000 படங்கள் எடுத்து அடுக்கிப் பெரிய கண்காட்சியே நடத்தினார். 2016-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் நடந்தது அது. அவை அருங்காட்சியகச் சேகரிப்பில் இருந்த பூச்சிகள் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். அது நேர்மை. செத்ததை உயிரோடு இருப்பதாகக் காட்டுவது ஏமாற்று வேலை.

உயிருள்ள பூச்சி தானாகவே அசையாமல் இருக்கிற நேரம் ஒன்று உண்டு. பூச்சிகளுக்கு நம்மைப்போல உடம்புச் சூடு நிலையாக இருப்பதில்லை. விடியற்காலைக் குளிரில் சிறகுத் தசைகள் சூடேறும் வரை அவற்றால் சட்டென்று பறக்க முடியாது. மார்கழி, தை மாதங்களில் சூரியன் எழும் நேரத்துக்கு வயல் வரப்புக்கும் குளத்தங்கரைக்கும் போங்க. சிறகில் பனித்துளியோடு தட்டான் தொங்கிக்கொண்டிருக்கும். நீலப்பட்டைத் தேனீயில் ஆண்கள் கூட்டுக்குள் தூங்குவதில்லை. செடிக் காம்பைத் தாடையால் கவ்விக்கொண்டு வரிசையாகத் தூங்கும்! வெயில் ஏறும்வரை அந்த நேரம் நம்முடையது. வேலை செய்கிற தேனீ இப்படி நிற்காது. கையில் கேமராவைப் பிடித்து, உடம்பை மெல்ல முன்னே சாய்த்தபடி தொடர்ச்சியாகச் சுட்டால் இரண்டு மூன்று படம் தேறும்.

இதற்காகச் செண்பகாதேவிக்கு மேலே காட்டுக்குள் ஏற வேண்டியதில்லை. வனத்துறை அனுமதி இல்லாமல் போகவும் கூடாது. சிற்றாற்றங்கரையும் இலஞ்சி வயல்களுமே ஒரு ஆயுசுக்குப் போதும். வண்ணத்துப்பூச்சிகளில் பல 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கின்றன. அவற்றைப் பிடிப்பது குற்றம். 2019-ல் தமிழ்நாடு தனக்கென்று ‘தமிழ் மறவன்’ என்ற வண்ணத்துப்பூச்சியை மாநிலச் சின்னமாக அறிவித்தது. அது வாழ்வது நம் மேற்குத் தொடர்ச்சி மலையில்தான்.

கம்ப்யூட்டரும் ஏழாவது காலும்

ஹெலிக்கான் ஃபோகஸ், ஜெரீன் ஸ்டாக்கர் ஆகியவை காசு கொடுத்து வாங்க வேண்டியவை. ஹ்யூகின் என்ற இலவச மென்பொருளோடு வருகிற கருவிகளிலும் படங்களை அடுக்கலாம். ஒட்டிய பிறகு கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீங்க. நடுவில் பூச்சி காலை அசைத்திருந்தால் ஆறு கால் பூச்சிக்கு ஏழாவது கால் முளைத்திருக்கும்! அந்த ஒரு படத்தை எடுத்துவிட்டு மறுபடி அடுக்க வேண்டும். படத்துக்குக் கீழே தேதி, ஊர், செடி, எத்தனை படம் அடுக்கியது என்று எழுதி வையுங்கள்.

இதனால் என்ன பயன் என்று கேட்பீர்கள். சிறகு நரம்பின் அமைப்பு, காலில் உள்ள முடி இவற்றை வைத்துத்தான் பல பூச்சிகளின் இனத்தைச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் படத்தால் மட்டும் சொல்லிவிட முடியாது. ஆனாலும் தெளிவான ஒரு படம் இருந்தால், பூச்சியைக் குத்தி வைக்காமலே பல நேரம் அதன் பெயர் தெரிந்துவிடும். சூரியகாந்தி நன்றாக மணி பிடிக்கத் தேனீ வர வேண்டும். யார் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் மருந்து அடிக்கிற விவசாயிக்கு, அவர் பூவிலேயே எடுத்த படத்தைக் காட்டிப் பாருங்கள். “இவ்வளவு பேரா என் தோட்டத்தில் வேலை பார்க்கிறாங்க?” என்று அவரே யோசிப்பார்.

நண்பர்களே, ரெயில் செய்ய நம் கையில் மரை இருக்கிறது, ஒளிக்கு நம் ஊர் மேகம் இருக்கிறது. மூணாறு, ஊட்டி என்று ஓட வேண்டாம். நாளைக் காலையில் அலாரம் மட்டும் அஞ்சு மணிக்கு வையுங்க!