மாடியில் ஒரு மின் நிலையம்

விஜயநகர் இரண்டாவது ஸ்டேஜில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று பார்த்தால், ஏறக்குறைய எல்லா வீட்டுத் தலையிலும் ஒரு சோலார் தெரியும். பெரும்பாலும் அது வெந்நீர் சோலார். மைசூருக்குக் குடிவந்த நம் குடும்பங்களுக்கு அது பழகிப் போன பொருள். மார்கழிக் குளிரில் குழாயைத் திறந்தால் சுடுநீர் வரும்; மற்ற நாட்களில் அப்படி ஒன்று மாடியில் இருப்பதே நினைவுக்கு வராது.

இப்போது அதன் பக்கத்திலேயே கருநீலப் பலகைகள் வரிசையாக முளைத்து வருகின்றன. இவை மின்சாரம் தரும் சோலார். "அதுவும் சோலார், இதுவும் சோலார்" என்று இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடுகிறோம். அந்த நினைப்பால் வரக்கூடிய ஆபத்தை எங்கள் தெருவிலேயே கண்ணால் பார்த்தேன்.

சென்ற கோடையில் ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். நாலு வீடு தள்ளி இருக்கும் மாமி, மாடியில் வடாம் காயப்போட்டுவிட்டுக் காக்கை விரட்டிக்கொண்டிருந்தார். கைப்பிடிச் சுவரை ஒட்டிச் செல்லும் பிளாஸ்டிக் குழாயிலிருந்து புகை வந்தது. கருகல் நாற்றம். மாமி குரல் கொடுக்க, மாமா கீழே ஓடி மெயின் சுவிட்சை இறக்கினார். வீட்டில் மின்விசிறி நின்றது. மாடியில் புகை நிற்கவில்லை. சோலார் பெட்டியில் இருந்த சுவிட்சையும் இறக்கினார். அப்போதும் நிற்கவில்லை. மாமி பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரைக் கையில் எடுத்துவிட்டார். நல்ல வேளையாக, அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கும் பொறியியல் கல்லூரி மாணவன் ஓடிவந்து வாளியைப் பிடுங்கினான்.

பிறகு வந்த மெக்கானிக் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, பலகைகளைத் தடித்த தார்ப்பாயால் மூடினார். மின்னோட்டம் இல்லை என்று மீட்டரில் பார்த்த பிறகே இணைப்புகளைக் கழற்றினார். வெயிலில் வெடித்துப் போன மலிவான குழாய்க்குள் அணில் புகுந்து இரண்டு ஒயர்களையும் கடித்திருந்தது. இன்வெர்ட்டரில் இரண்டு நாட்களாகச் சிவப்பு விளக்கு எரிந்ததாம். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

சுவிட்சை இறக்கியும் ஏன் நிற்கவில்லை?

நம் வீட்டு மின்சாரம் கம்பத்திலிருந்து வருகிறது. மெயினை இறக்கினால் வீட்டுக்குள் வரவு நின்றுவிடும். சோலார் பலகை அப்படி அல்ல. வெயில் படும்வரை அது மின்சாரம் தந்துகொண்டே இருக்கும். கீழே உள்ள சுவிட்ச், தனக்கு அப்பால் போகும் மின்சாரத்தைத்தான் தடுக்கும். பலகைக்கும் சுவிட்சுக்கும் இடையில் உள்ள ஒயரில் பகல் முழுவதும் மின்னழுத்தம் இருக்கும்.

ஒரு பலகை ஏறக்குறைய 40 வோல்ட் தரும். எட்டுப் பலகைகளைத் தொடராக இணைத்தால் 300 வோல்ட்டைத் தாண்டிவிடும். நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட். அது மட்டுமல்ல. கம்பத்து மின்சாரம் ஏ.சி.; நொடிக்கு நூறு முறை பூஜ்யத்துக்கு வந்து போகும். அதனால் பொறி பறந்தாலும் அணைந்துவிட வாய்ப்புண்டு. பலகையிலிருந்து வருவது டி.சி.; அது பூஜ்யத்துக்கு வருவதே இல்லை. ஒருமுறை பொறி பிடித்தால் வெல்டிங் போல நின்று எரியும். பியூஸ் போய்விடும் என்றும் நம்ப முடியாது. இரண்டு ஒயர்கள் ஒட்டிக்கொண்டாலும், பலகை தரும் மின்னோட்டம் வழக்கமான அளவைவிடச் சற்றுத்தான் கூடும்.

ஆகவே பலகைக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையில் போகும் ஒயர்தான் முக்கியம். அது சோலாருக்கென்றே செய்யப்பட்ட, வெயில் தாங்கும் டி.சி. ஒயராக இருக்க வேண்டும். குழாயும் வெயில் தாங்குவதாக, அணிலும் எலியும் புகாதபடி முனை அடைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். பலகைகளை இணைக்கும் ஆண், பெண் இணைப்பான்கள் இரண்டும் ஒரே தயாரிப்பாக இருப்பது நல்லது. வேறு வேறு தயாரிப்புகள் பொருந்துவது போலத் தோன்றினாலும் உள்ளே சூடேறும். ஒயரை வெட்டி முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் வேலைக்கு மாடியில் இடமே கொடுக்காதீர்கள்.

கரண்ட் போனால் சோலாரும் போகும்

"சோலார் போட்டும் கரண்ட் கட் ஆனால் இருட்டுதானே, ஏமாற்றிவிட்டார்களா?" என்று நம் சங்க நண்பர்கள் பலர் கேட்கிறார்கள். ஏமாற்று இல்லை. பேட்டரி இல்லாமல் கம்பத்து லைனோடு இணைத்த இன்வெர்ட்டர், லைனில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். நிற்காவிட்டால் நம் மாடி மின்சாரம் திரும்பிக் கம்பத்துக்கு ஏறும். லைன் செத்துவிட்டது என்று நம்பி ஏறும் லைன்மேனின் உயிருக்கு அது உலை வைக்கும். ஆகையால் அந்த ஏற்பாட்டை ஏமாற்றி ஓட வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். மின்தடையிலும் விளக்கு வேண்டுமென்றால் பேட்டரியோடு இயங்கும் ஹைபிரிட் இன்வெர்ட்டர் இருக்கிறது, செலவு அதிகம். தண்ணீர் ஊற்றும் பழைய வகைப் பேட்டரியானால் சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளிவரும். அதைப் பூஜை அறைப் பக்கமோ, காற்றில்லாத மாடிப்படி அடியிலோ வைக்கக்கூடாது.

காற்றும் இடியும்

மைசூரில் ஏப்ரல், மே மாத மாலை மழை எப்படி வரும் என்று உங்களுக்குத் தெரியும். முதலில் சூறைக்காற்று, பிறகு இடி. பலகை என்பது காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. தாங்கும் சட்டம் துத்தநாகப் பூச்சு ஏற்றிய இரும்பாக இருக்க வேண்டும். தளத்தைத் துளைத்துப் போல்ட் போட்டால், அந்த இடத்தில் நீர்க்கசிவு தடுப்பு செய்வது யார் பொறுப்பு என்று முன்பே எழுதி வாங்குங்கள். சட்டத்துக்கும் பலகைகளுக்கும் ஒன்று, இன்வெர்ட்டரின் ஏ.சி. பக்கத்துக்கு ஒன்று, இடிதாங்கிக்கு ஒன்று என மூன்று எர்த் குழிகள் போடுவது நம் நாட்டு வழக்கம். "பழைய எர்த்தே போதும் சார்" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். திடீர் மின்னெழுச்சியைத் தடுக்கும் கருவி டி.சி., ஏ.சி. இரண்டு பக்கமும் உண்டா என்றும் கேளுங்கள்.

மைசூர் இருப்பது வட அட்சரேகை 12 டிகிரிக்குச் சற்று மேல். ஆகவே பலகை தெற்கு நோக்கி 12 முதல் 15 டிகிரி சாய்ந்திருந்தால் போதும். தென்னை மரமும் தண்ணீர்த் தொட்டியும் நிழல் போடாத இடம் வேண்டும். ஒரு கிலோவாட்டுக்கு ஏறக்குறைய நூறு சதுர அடி பிடிக்கும். நாளொன்றுக்குச் சராசரியாக நாலு யூனிட் கிடைக்கும். வடாம் காயவும் துணி உலர்த்தவும் தனி இடம் ஒதுக்கிவிடுங்கள்.

பணமும் காகிதமும்

2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சூர்ய கர் திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய், ஆக உச்சமாக 78,000 ரூபாய் மானியம். இது உங்கள் வங்கிக் கணக்குக்கே வரும். திட்டத்தில் பதிவு பெற்ற நிறுவனத்திடம்தான் வேலையைக் கொடுக்க வேண்டும். மீட்டர் மாற்றமும் அனுமதியும் சாமுண்டேஸ்வரி மின் வழங்கல் நிறுவனத்தின் வேலை. அதன் தலைமை அலுவலகம் நம் விஜயநகர் இரண்டாவது ஸ்டேஜிலேயே இருக்கிறது. பில்லில் உள்ள ஆர்.ஆர். நம்பர் யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தாத்தா பெயரிலேயே இருந்தால் அதை மாற்றிக்கொண்டு தொடங்குவது நல்லது.

இன்னொன்று. 2023-இல் வந்த கிருக ஜோதி திட்டத்தால் மாதம் 200 யூனிட்டுக்குள் செலவழிக்கும் பல வீடுகளுக்கு மின்கட்டணமே வருவதில்லை. அப்படிப்பட்ட வீட்டில் இத்தனை பணம் போட்டு எதை மிச்சம் பிடிக்கப் போகிறோம்? ஒரு வருட பில்லை எடுத்து வைத்துக் கணக்குப் போட்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

காவலாளி நாமே

1902-இல் சிவனசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கடந்து கோலார் தங்கவயலுக்குப் போனது. அங்கே சுரங்கத்தில் உழைத்தவர்களில் நம்மவர் ஏராளம். அன்று மின் நிலையம் எங்கோ இருந்தது. அதைக் கவனிக்க ஆட்கள் இருந்தார்கள். இன்று அது நம் மாடிக்கே வந்துவிட்டது. அதற்குக் காவலாளி நாம்தான்.

எனவே சில பழக்கங்கள். பலகைகளை விடியற்காலையில், சூடேறுமுன் கழுவுங்கள். உச்சி வெயிலில் குளிர்ந்த நீர் பட்டால் கண்ணாடி விரிசல் விடலாம். இன்வெர்ட்டர் விளக்கைத் தினம் ஒருமுறை பாருங்கள். சிவப்பு எரிந்தால் அன்றே ஆளைக் கூப்பிடுங்கள். புகை வந்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஒயரைத் தொடாதீர்கள். சுவிட்சுகளை இறக்கிவிட்டு எல்லோரும் விலகி நில்லுங்கள். தீயணைப்புக்கு 101, மின்சார நிறுவனத்துக்கு 1912.

மீட்டர் பெட்டி அருகே "இந்த வீட்டு மாடியில் சோலார் மின்சாரம் உண்டு" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். அதை முதலில் கன்னடத்தில் எழுதுங்கள். உதவிக்கு ஓடிவரும் தீயணைப்பு வீரருக்கும் லைன்மேனுக்கும் அது ஒரு நொடியில் புரிய வேண்டும். எங்கள் தெரு மாமா இப்போது அப்படித்தான் ஒட்டியிருக்கிறார். மாமியும் இந்தக் கோடையில் வடாத்தைப் பலகைகளுக்கு எதிர்ப்பக்கச் சுவரோரம்தான் காயப்போட்டார்.