ஹக்ஸ்லியின் வகுப்பு

கல்லூரியில் உயிரியல் பயிலப் புகும் மாணவர் ஒருவரின் முதல் ஆண்டு எவ்வாறு கழிகிறது? காலையில் விரிவுரை கேட்கிறார். பின்னர் ஆய்வுக்கூடத்தில் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து, காதாற் கேட்டதைக் கண்ணாற் காண்கிறார். கண்டதைப் பென்சிலால் வரைகிறார். பெரணி ஒன்று, ஹைட்ரா ஒன்று, பூஞ்சணம் ஒன்று என ஒவ்வோர் இனத்திற்கும் ஓர் உயிரைச் சான்றாகக் கொண்டு கற்கிறார். இதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது, எந்நாட்டிலும் எக்காலத்திலும் நடப்பதுதானே என்று நீங்கள் எண்ணக்கூடும். அப்படியன்று. இப்பாடமுறைக்கு வயது ஏறத்தாழ 150 ஆண்டுகள்தாம். இதற்கு ஒரு பிறந்த இடமும் உண்டு; இதை வகுத்த ஆசிரியர் ஒருவரும் உண்டு. இடம் இலண்டன் மாநகரின் தென் கென்சிங்டன். ஆசிரியர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி.

டார்வினின் கொள்கைக்காக வாதாடியவர் என்ற அளவில் ஹக்ஸ்லியைப் பலரும் அறிவர். அவ்வாதங்களைவிட அவருடைய வகுப்பே உலகில் ஆழமாகப் பதிந்தது என்பது என் கருத்து.

1825-இல் பிறந்த ஹக்ஸ்லி, பள்ளிக்கூடத்தில் பயின்றது இரண்டே ஆண்டுகள். எஞ்சியதெல்லாம் தாமே கற்றது. மருத்துவம் படித்து, 1846-இல் 'ராட்டில் ஸ்னேக்' என்னும் கடற்படைக் கப்பலில் துணை மருத்துவராகச் சேர்ந்து, நான்கு ஆண்டுகள் ஆஸ்திரேலியக் கடல்களில் திரிந்தார். கடலிலிருந்து வலையில் வந்த சொறிமீன்களைக் கப்பலிலேயே வைத்து ஆராய்ந்தார். நூலகமோ ஆசிரியரோ அருகில் இல்லாத அவ்விடத்தில், கண்ணும் கையுமே அவருக்கு ஆசிரியர்களாயின. 1854-இல் இலண்டன் சுரங்கக் கல்லூரியில் இயற்கை வரலாறு கற்பிக்கும் பணி கிடைத்தது. சுரங்கம் தோண்டுவோருக்கு உயிர்நூல் எதற்கு என்று கேட்கலாம். பாறைகளின் காலத்தை அறியப் புதைபடிவங்கள் வேண்டும். அவற்றை அறிய உயிர்களின் உடலமைப்புத் தெரிய வேண்டும். இப்படிச் சுற்றுவழியாகத்தான் அவர் ஆசிரியரானார்.

ஆனால் ஜெர்மின் தெருவிலிருந்த அக்கல்லூரியில் மாணவர்களுக்கென ஆய்வுக்கூடம் கிடையாது. ஆசிரியர் மேடையில் நின்று பேசுவார். கண்ணாடிக் குப்பியில் ஊறிக்கிடக்கும் ஓர் உயிரைத் தூக்கிக் காட்டுவார். பின்வரிசையில் இருப்பவர் அதை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். மருத்துவ மாணவர் மனித உடலை அறுத்துப் பார்த்தனர். ஆக்ஸ்ஃபோர்டில் ரோல்ஸ்டன் போன்ற ஓரிருவர் செய்முறைப் பாடத்தைத் தொடங்கியிருந்தனர். மற்றபடி, உயிர்களைப் பற்றிய கல்வி என்பது பெரும்பாலும் உயிர்களைப் பற்றிய சொற்களின் கல்வியாகவே இருந்தது. நீந்தக் கற்பவனுக்கு நீரைப்பற்றி விரிவுரை நிகழ்த்துவது போன்ற நிலை அது.

1870-களின் தொடக்கத்தில் தென் கென்சிங்டனில் போதிய இடம் கிடைத்தவுடனே ஹக்ஸ்லி தம் எண்ணத்தைச் செயற்படுத்தினார். முதலில் வந்தவர்கள் யார் என்பது கருதத்தக்கது. அவர்கள் பள்ளி ஆசிரியர்கள். புத்தகத்தைப் படித்துப் புத்தகத்தையே கற்பித்து வந்தவர்கள். கோடைவிடுமுறையில் அவர்களை வரவழைத்து, நுண்ணோக்கியையும் கத்தியையும் கையிற் கொடுத்தார். மைக்கேல் ஃபாஸ்டர், ரே லங்கெஸ்டர், ரூதர்ஃபோர்ட் ஆகியோர் செய்முறைத் துணைவர்களாக நின்றனர். பின்னாளில் இவர்கள் ஒவ்வொருவரும் பெரும்பேராசிரியர் ஆயினர்.

வகுப்பின் அமைப்பு எளியது. காலை ஒன்பது மணிக்கு விரிவுரை. மணி அடிக்கும்போதே ஹக்ஸ்லி உள்ளே நுழைவார் என்று, 1879-இல் அவரிடம் பயின்ற அமெரிக்க மாணவர் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்பார்ன் எழுதியிருக்கிறார். விரிவுரை முடிந்ததும் ஆய்வுக்கூடம். அன்று எதைப்பற்றிக் கேட்டார்களோ அதுவே மாணவரின் மேசைமேல் இருக்கும். தாவரம் வேறு, விலங்கு வேறு என்று பிரிக்காமல், உயிர் என்பது ஒன்றே என்னும் கொள்கையின்மேல் இரண்டையும் ஒரே பாடமாக இணைத்தார். ஆயிரம் உயிர்களின் பெயர்களைச் சொல்வதைவிடப் பத்துப் பன்னிரண்டு உயிர்களை முற்றாக அறிவதே மேல் என்பது அவர் துணிபு. 1875-இல் அவரும் அவர் துணைவர் நியூவெல் மார்ட்டினும் வெளியிட்ட செய்முறை நூலில் அவ்வரிசையைக் காணலாம். மதுவைப் புளிக்கச் செய்யும் ஈஸ்டில் தொடங்கி, அமீபா, பாக்டீரியா, பூஞ்சணம், பெரணி, அவரை, ஹைட்ரா, நன்னீர் மட்டி, இறாலினத்தைச் சேர்ந்த நன்னீர் விலங்கு என்று படிப்படியாக ஏறித் தவளையில் முடியும். மறு ஆண்டே மார்ட்டின் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திற்குப் பேராசிரியராகச் சென்றபோது, இப்பாடமும் அவருடன் கடல் கடந்தது.

விரிவுரையின்போது ஹக்ஸ்லி வண்ணச் சுண்ணக்கட்டிகளால் கரும்பலகையில் அழகுற வரைவார். ஒருநாள் ஒரு மாணவர், "ஐயா, எல்லாம் விளங்கிற்று; தாங்கள் பலகையை மறைத்து நின்ற பகுதி மட்டும் விளங்கவில்லை" என்றாராம். தம்மால் இயன்றமட்டும் பொருளைத் தெளிவாக்க முடியும், ஆனால் தம் உடம்பைக் கண்ணாடியாக்க முடியாதே என்றாராம் ஹக்ஸ்லி. மற்றொருவர் ஈரலின் படம் ஒன்றை வரைந்து காட்டினார். இது ஈரல் என்று அறிந்ததில் மகிழ்ச்சி, பார்த்தபோது மூடுபனியில் நிற்கும் கொலோன் நகரத்துப் பேராலயம்தான் நினைவுக்கு வந்தது என்றாராம். வேறொரு வேடிக்கையும் உண்டு. இதயத்தில் உள்ள ஒரு வால்வுக்கு, கிறித்தவ ஆயரின் முடிபோன்ற வடிவினதாதலால், மிட்ரல் என்று பெயர். அது இதயத்தின் எப்பக்கத்தில் உள்ளது என்பது மாணவர்க்கு அடிக்கடி மறந்துபோகும். ஆயர் ஒருநாளும் 'ரைட்'டில் இருக்கமாட்டார் என்று நினைவிற் கொள்ளுங்கள் என்பாராம். ஆங்கிலத்தில் வலப்பக்கத்திற்கும் நியாயத்திற்கும் அஃது ஒரே சொல். 1860-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆயர் வில்பர்ஃபோர்சோடு அவர் நிகழ்த்திய சொற்போரை அறிந்தவர்களுக்கு இதன் சுவை இரட்டிப்பாகும்!

இத்தகைய கதைகள் சுவையானவையே. ஆயினும் ஹக்ஸ்லி என்னும் ஆசிரியரைக் காட்டுவது வேறொரு செயல். எளியதிலிருந்து சிக்கலானதற்குச் செல்வதே முறை என்று எண்ணித்தான் அவர் ஈஸ்டிலிருந்து தொடங்கினார். தருக்கப்படி அதில் குற்றமில்லை. ஆனால் மாணவரின் நிலை என்ன? நுண்ணோக்கியை அன்றுதான் தொடுகிறார். குனிந்து பார்த்தால், முன்பின் அறியாத ஓர் உலகில் நிறமற்ற உருண்டைகள் மிதக்கின்றன. உடலமைப்பில் எளிய உயிர், கற்பதற்கு எளிய உயிராக இல்லை. தவளைக்கோ கண் உண்டு, வாய் உண்டு, கால் உண்டு; மாணவர் தம் உடம்போடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். பல்லாண்டு கற்பித்த பின்னர் ஹக்ஸ்லி இதனை உணர்ந்தார். அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்வதே தொடக்கநிலை மாணவர்க்கு ஏற்ற வழி எனத் தெளிந்தார். ஹௌஸ், ஸ்காட் என்னும் இருவர் திருத்தி 1888-இல் வெளியிட்ட பதிப்பில் வரிசை தலைகீழாயிற்று. முதுகெலும்புள்ள விலங்கு முன்னே வந்தது. மாற்றத்திற்குரிய காரணத்தை ஹக்ஸ்லியே முன்னுரையில் எடுத்துரைத்தார். தாம் வகுத்த பாடம், உலகெங்கும் பரவிய பாடம், அதைத் தம் கையாலேயே புரட்டிப்போட எத்தனை ஆசிரியர்க்கு மனம் வரும்?

இனி மாணவர் பக்கம் வருவோம். 1884-ஆம் ஆண்டு இவ்வகுப்பில் பதினெட்டு வயது இளைஞர் ஒருவர் சேர்ந்தார். தந்தை சிறு கடைக்காரர்; தாயார் ஒரு பெரிய மாளிகையில் பணிபுரிந்தவர். துணிக்கடையில் பயிற்சிப் பையனாக ஈராண்டு துன்புற்று, அதிலிருந்து தப்பி, ஒரு பள்ளியில் மாணவ ஆசிரியராக இருந்து, உதவித்தொகை பெற்று இலண்டன் வந்தவர். வாரத்திற்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங், அவருக்குக் கிடைத்தது. தங்குமிடத்திற்குக் கொடுத்தது போக, வார இறுதியில் பகலுணவுக்குக் காசு இராது. அவர் மெலிந்து வருவதைக் கண்ட உடன்பயின்ற நண்பர் ஒருவர் வற்புறுத்தி அழைத்துச் சென்று உணவளித்ததும் உண்டு. அவ்விளைஞர்தாம் பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான எச். ஜி. வெல்ஸ்.

தம் வாழ்நாளில் கல்வி என்று சொல்லத்தக்க ஆண்டுகளில் அதுவே தலையாயது என்று அவர் 1934-இல் வெளியிட்ட தன்வரலாற்றில் குறித்துள்ளார். ஹக்ஸ்லியோடு அவர் நெருங்கிப் பழகினார் என்று எண்ணிவிடாதீர்கள். ஒருமுறை கதவைத் திறந்து பிடித்துக் காலை வணக்கம் சொன்னதைத் தவிர உரையாடல் என்று எதுவும் இல்லை. விரிவுரைகளையும் முழுமையாகக் கேட்கவில்லை. உடல்நலம் குன்றி ஹக்ஸ்லி விடுப்பில் செல்லவே, எஞ்சிய பாடத்தை ஹௌஸ் நடத்தினார். அப்படியிருந்தும் அவ்வகுப்பு வெல்ஸை ஆட்கொண்டது. பேராசிரியர் அறையில் இல்லாதபோதும் நடக்கும்படி ஒரு பாடம் அமைந்திருந்தது என்பதே இதன் பொருள். ஓர் எலும்பை மற்றோர் எலும்போடு ஒப்பிடு. ஒற்றுமை எங்கே, வேற்றுமை எங்கே என்று சொல். ஏன் என்று கேள். மேசைமேல் கிடந்த பொருளே வினவிற்று, மாணவர் விடை தேடினார்.

அதே கல்லூரி, அதே மாணவர். இரண்டாம் ஆண்டில் இயற்பியலும் பின்னர் நிலவியலும் அவருக்குக் கசந்தன. 1887-இல் நிலவியல் தேர்வில் தோல்வியுற்றுப் பட்டமின்றி வெளியேறினார். இயற்பியல் பேராசிரியர் கத்ரியின் வகுப்பு அவருக்கு மந்தமாகத் தோன்றிற்று. அப்பேராசிரியரோ அப்போது நோயால் நலிந்துகொண்டிருந்தார், 1886-இல் மறைந்தார். ஓர் ஆசிரியரைப்பற்றி மாணவர் கூறும் தீர்ப்பைக் கேட்கும்போது இத்தகைய செய்திகளையும் உடன்வைத்துப் பார்ப்பது நன்று. வெல்ஸ் பின்னர் 1890-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதல்வகுப்புப் பெற்றார். 1893-இல் உயிரியல் பாடநூல் ஒன்றும் எழுதினார். 1896-இல் அவர் எழுதிய சிறுகதை ஒன்று தென் கென்சிங்டன் ஆய்வுக்கூடத்திலேயே நிகழ்கிறது. தேர்வறையில், தொடக்கூடாத கண்ணாடிச் சில்லை ஏழை மாணவன் ஒருவனின் கை தன்னையறியாது நகர்த்திவிடுகிறது. அதனால் விடையும் தெரிந்துவிடுகிறது. முதலிடம் பெற்ற பின்னர் மனச்சான்று உறுத்த, அவனே சென்று உண்மையைச் சொல்கிறான், தேர்வை இழக்கிறான். மாணவ நண்பர்கள் தேடிப் படிக்கவேண்டிய கதை அது.

இப்பாடமுறைக்குக் குறைகள் இல்லையா? உண்டு. சான்றாக எடுத்துக்கொண்ட பன்னிரண்டு உயிர்களே உயிருலகம் என்று பின்வந்தோர் மயங்கினர். ஹக்ஸ்லி பார்க்கக் கொடுத்ததைப் பலர் மனப்பாடம் செய்யக் கொடுத்தனர். எல்லார் ஏட்டிலும் தவளையின் நரம்பு மண்டலம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருந்தது. மேசைமேல் வந்தவை பெரும்பாலும் இறந்த உயிர்கள்; அவை வாழ்ந்த குளமும் புதரும் வகுப்பிற்குள் வரவில்லை. எத்தனை தவளைகள் இதற்காக மாண்டன என்பதும் எண்ணத்தக்கதே. நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக்குழு 2011-லும் 2014-லும் வகுத்த நெறிகளுக்குப்பின் கல்லூரிகளில் விலங்குகளை அறுக்கும் வழக்கம் பெரிதும் அருகிவிட்டது. கத்தி போனது நன்றே. கத்தியோடு கண்ணும் போய்விடாதபடி என்ன செய்வது என்பதுதான் இன்றைய ஆசிரியர் முன்னுள்ள வினா.

அக்குறையை முதலில் உணர்ந்தவர்களுள் ஒருவர் ஹக்ஸ்லியின் மாணவரே. ஸ்காட்லாந்திலிருந்து 1874-இல் வந்து சேர்ந்த பாட்ரிக் கெடிஸ், நத்தையினத்தின் அரம்போன்ற நாக்கு எவ்வாறு இயங்குகிறது என்று ஆராய்ந்தார். அதைப்பற்றி ஹக்ஸ்லி முன்னரே எழுதியிருந்த விளக்கம் தாம் கண்டதோடு பொருந்தவில்லை. துணிந்து போய்ச் சொன்னார். ஹக்ஸ்லி தாமே பார்த்தார். மாணவர் சொல்வதே சரி என ஒப்பினார். ஒப்பியதோடு நில்லாது, அதைக் கட்டுரையாக எழுதி வெளியிடும்படி தூண்டினார். ஆசிரியரைத் திருத்திய அக்கட்டுரையே கெடிஸை அறிவியல் உலகிற்கு அறிமுகப்படுத்திற்று. ஆயினும் கெடிஸ் ஆய்வுக்கூட மேசையோடு அடங்கவில்லை. உயிரை அதன் சூழலோடு காணவேண்டும் என்றார். அப்படியே செடியிலிருந்து தோட்டத்திற்கும், தோட்டத்திலிருந்து நகரத்திற்கும் நகர்ந்தார்.

அந்நடை அவரை நம் ஊர்களுக்கும் கொண்டுவந்தது. முதல் உலகப் போர் மூண்டிருந்த 1914-இல் நகரமைப்புக் கண்காட்சியோடு அவர் சென்னைக்குப் புறப்பட்டார். காட்சிப்பொருள்களை ஏற்றிவந்த 'கிளான் கிராண்ட்' என்னும் கப்பலை, சென்னைமீது குண்டுவீசிய அதே எம்டன் வழிமறித்து மூழ்கடித்தது. கெடிஸ் தளரவில்லை, புதிதாகப் படங்களைத் திரட்டி 1915-இல் சென்னையில் கண்காட்சியை நடத்தினார். பின்னர் மதுரை, தஞ்சை முதலிய ஊர்களுக்குச் சென்றார். தெருக்களில் நடந்து, வீடுகளையும் குளங்களையும் கோயில் வீதிகளையும் நோக்கினார். நெரிசலைப் போக்க வரிசை வரிசையாக வீடுகளை இடித்து நேர்ச்சாலை போடும் திட்டங்களை அவர் ஏற்கவில்லை. முதலில் நோயை அறியுங்கள், பிறகு வேண்டிய இடத்தில் மட்டும் கத்தியை வையுங்கள் என்று அரசினர்க்கு அறிக்கை எழுதினார்.