கடவுள் ஆணா, பெண்ணா?

இந்தக் கேள்வியைச் சின்னஞ்சிறு குழந்தைகள் கூசாமல் கேட்டுவிடுகிறார்கள். பெரியவர்களாகிய நாமோ, "சாமியைப் பற்றி அப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்று அவர்கள் வாயை அடைத்துவிடுகிறோம். கேட்பதில் தவறொன்றும் இல்லை. மறைநூல் வல்லுநர்களும் புலவர்களும் ஞானியரும் பல நூற்றாண்டுகளாகக் கேட்டு வந்த கேள்விதான் இது.

நம்மில் பலருக்குக் கடவுள் என்றதும் வெண்தாடியுடன் மேகத்தின்மீது வீற்றிருக்கும் முதியவர் ஒருவர்தாம் மனக்கண்முன் வருவார். தானியேல் நூலின் காட்சி ஒன்றில் பஞ்சுபோல் வெண்மையான தலைமுடியுடன் அரியணையில் அமர்ந்தவர் வருகிறார். ஓவியர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். மைக்கேல் ஆஞ்சலோ 1508 முதல் 1512 வரை உரோமைச் சிஸ்டைன் சிற்றாலயத்தின் மேற்கூரையில் தீட்டியதும் அந்த முதியவரைத்தான். படம் வரைபவருக்கு ஏதாவது ஓர் உருவம் வேண்டுமே! ஆனால் நாம் படத்தையே பாடமாக எடுத்துக்கொண்டோம்.

இனி நம் தமிழைப் பார்ப்போம். இலக்கண வகுப்பில் தூங்காதவர்களுக்கு இது இனிக்கும். "இறைவன்" ஆண்பால், "இறைவி" பெண்பால். "தெய்வம் தந்தது" என்னும்போது பொருளால் உயர்திணையாக இருப்பது சொல்லால் அஃறிணையாகிவிடுகிறது. "கடவுள்" என்னும் சொல்லிலோ ஆண்பால் விகுதியும் இல்லை, பெண்பால் விகுதியும் இல்லை. ஈற்றில் "ள்" இருக்கிறதே என்று சுட்டிப் பெண் ஒருத்தி கேட்கக்கூடும். கட, உள் என்று பிரித்து, எல்லாவற்றையும் கடந்தும் உள்ளும் இருப்பவர் எனப் பொருள் கூறுவர் நம் ஆசிரியர்கள். அந்த "ள்" பெண்பால் விகுதியன்று. "கடவுள் படைத்தார்" என்பதிலுள்ள "ஆர்" மரியாதைக்காக வந்தது. தாத்தாவுக்கும் அதே "ஆர்", தலைமையாசிரியைக்கும் அதே "ஆர்". ஆங்கிலத்தில் எழுதுபவர் "ஹீ" என்றோ "ஷீ" என்றோ ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். நமக்கு "அவர்" போதும். பழைய செபப் புத்தகங்களில் "சர்வேசுரன்" என்றிருந்தது. புராட்டஸ்டண்டு சகோதரர்களின் வேதாகமம் "தேவன்" என்கிறது. நம் விவிலியத்தில் இன்று "கடவுள்" என்றே வாசிக்கிறோம். இந்த மாற்றத்தால் நமக்கு எவ்வளவு இலாபம் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மூல வைகைக் கரையிலிருந்து நம் மாவட்டத்தைச் சுற்றிப் பார்த்தாலே இந்தக் கேள்விக்குப் பல விடைகள் கிடைக்கும். சித்திரை மாதத்தில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குச் செல்லும் மக்களுக்குத் தெய்வம் தாய். சித்ரா பௌர்ணமியன்று கூடலூருக்கு மேலே மலையுச்சியில் கண்ணகியை வணங்கச் செல்பவர்களுக்கும் அப்படியே. சைவரோ ஆணும் பெண்ணும் ஒரே உடலில் என்று திருச்செங்கோட்டில் அர்த்தநாரீசுவரராக வழிபடுகின்றனர். எனக்கு இவற்றைவிடப் பிடித்தது திருச்சி மலைக்கோட்டையின் கதை. பிரசவ வேதனையில் இருந்த பெண்ணொருத்திக்குத் துணைசெய்யப் புறப்பட்ட தாய், காவிரி வெள்ளத்தால் அக்கரையிலேயே நின்றுவிட்டாளாம். சிவபெருமான் அந்தத் தாயின் உருவில் வந்து, பிரசவம் பார்த்து, குழந்தையையும் தாயையும் பேணினார். வெள்ளம் வடிந்து உண்மைத் தாய் வந்தபோது வீட்டில் இரண்டு தாய்மார்! ஒருவர் மறைந்தார். அதனால் அங்கே இறைவன் பெயர் தாயுமானவர். இன்றும் சுகப்பிரசவம் வேண்டி வாழைத்தார் நேர்ந்துகொள்ளும் வழக்கம் அங்குண்டு.

வைணவத்தில் நம்மாழ்வார் ஒரு படி மேலே போகிறார். இறைவனை ஆண் என்றோ பெண் என்றோ இரண்டுமல்லாத பிறவி என்றோ சொல்ல இயலாது என்று திருவாய்மொழியில் பாடுகிறார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆணில்லை என்று மறுக்கும் அந்தச் சொல்லே "அன்" என்ற ஆண்பால் விகுதியில்தான் முடிகிறது! கடவுளுக்குப் பால் இல்லை. நம் மொழிக்கு உண்டு.

உத்தமபாளையத்திலும் கம்பத்திலும் உள்ள நம் இசுலாமியத் தோழியரைக் கேட்டால், அல்லாஹ் பெறவுமில்லை, பெறப்படவுமில்லை, அவனுக்கு ஒப்பானது எதுவுமில்லை என்று திருக்குர்ஆனின் போதனையைச் சொல்வார்கள். அரபு மொழியில் ஆண்பால் சுட்டுப்பெயர் வந்தாலும் அது இலக்கணத்தின் தேவையே. மேலும், அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் என்று நாம் பெயர்க்கும் ரஹ்மான், ரஹீம் ஆகிய திருப்பெயர்கள், கருப்பையைக் குறிக்கும் அரபுச் சொல்லின் வேரிலிருந்தே பிறந்தவை. தமிழ் முசுலிம் ஞானியாகிய குணங்குடி மஸ்தான் சாகிபு "மனோன்மணிக் கண்ணி"யில் இறைவனையே காதலியாக்கி உருகினார்.

குமுளி மலையேறி அப்பால் இறங்கினால் கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள். சீரோ மலபார் திருப்பலி 1962-இல் மலையாளத்துக்கு வரும்வரை அவர்கள் வழிபாட்டு மொழி சிரியாக். அம்மொழியில் ஆவியைக் குறிக்கும் "ரூஹா" பெண்பால் சொல். நான்காம் நூற்றாண்டு வரை சிரியாக் எழுத்தாளர்கள் தூய ஆவியைப் பெண்பாலில் பேசினர். அப்ராகாத் என்னும் துறவி தாய் என்றே எழுதினார். பிறகு அந்த வழக்கம் மெல்லமெல்ல ஆண்பாலுக்கு மாறியது. எபிரேயத்தில் ஆவி பெரும்பாலும் பெண்பால், கிரேக்கத்தில் அஃறிணைபோல் பொதுப்பால், இலத்தீனில் ஆண்பால். நம் முன்னோர் போர்த்துகீசியரிடமிருந்து "இஸ்பிரீத்து சாந்து" என்று சொல்லக் கற்றனர். நாம் "தூய ஆவியார்" என்கிறோம். ஒரே ஆவியார், மொழிதோறும் வேறு வேறு பால்!

நம் திருச்சபை என்ன சொல்கிறது? 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், 239-ஆம் எண்ணில், கடவுள் ஆணுமல்லர் பெண்ணுமல்லர், அவர் கடவுள் என்று ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. ஒரு தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன் என்னும் கருத்தில் ஆண்டவர் எசாயா நூலில் பேசுகிறார். 33 நாள்களே திருத்தந்தையாக இருந்த முதலாம் யோவான் பவுல், 1978 செப்டம்பர் 10 அன்று மூவேளைச் செப உரையில், கடவுள் நம் தந்தை, அதைவிட மேலாக அவர் நம் தாய் என்றார். அன்று பலர் வியந்தனர். எசாயாவை வாசித்தவர்கள் வியந்திருக்க மாட்டார்கள்.

இது வெறும் பட்டிமன்றப் பொருளன்று. கடவுள் ஆண் என்றால், ஆண் பிள்ளை அவருக்குக் கொஞ்சம் நெருங்கியவன், பெண் பிள்ளை சற்றுத் தள்ளி நிற்பவள் என்ற எண்ணம் சத்தமில்லாமல் வந்துவிடுகிறது. தொடக்க நூல் முதல் அதிகாரமோ ஆணையும் பெண்ணையும் ஒருசேரக் கடவுளின் சாயல் என்கிறது. பெண்ணாய்ப் பிறந்ததற்காகவே சிசுக்களைக் கொன்ற கொடுமை பக்கத்து உசிலம்பட்டிப் பகுதியில் நடந்தது 1980-களில் நாடெங்கும் தெரியவந்தது. 1992-இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் நம் தேனி மாவட்டத்துக்கும் அத்தொட்டில் வந்தது. கொல்லப்பட்ட ஒவ்வொரு சிசுவும் அந்தச் சாயலே.

அப்படியானால் "தந்தை" என்று ஏன் செபிக்கிறோம்? இயேசு அப்படி அழைத்தார், நமக்கும் அப்படிக் கற்றுக்கொடுத்தார். தந்தை, மகன், தூய ஆவி என்ற பெயர்களை மாற்றித் தரப்பட்ட திருமுழுக்குச் செல்லாது என்று வத்திக்கான் 2008-இல் தெளிவுபடுத்தியது. பெயர் வேறு, பால் வேறு. இயேசு ஆணாகப் பிறந்தது அவர் எடுத்த மனித உடலைச் சேர்ந்தது. அன்னை மரியாவைக் கடவுளின் பெண்பாதியாக எண்ணுவோரும் உண்டு. அவர் நம்மைப்போல் படைக்கப்பட்டவர், அதனாலேயே நம் பெருமை.

தந்தை என்று கற்பித்த அதே இயேசு, கடவுளின் மனத்தைக் காட்ட ஒரு பெண்ணையும் உவமையாக்கினார். லூக்கா நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில் காணாமற்போன ஆட்டைத் தேடும் ஆயனை அடுத்தே அவள் வருகிறாள். பத்து வெள்ளிக் காசில் ஒன்றைத் தொலைத்துவிட்டு, விளக்கேற்றி, வீட்டைப் பெருக்கிக் கவனமாகத் தேடுகிறாள். கிடைத்ததும் தோழியரையும் அண்டை வீட்டாரையும் கூப்பிட்டு மகிழ்கிறாள். ஆட்டைத் தோளில் சுமக்கும் ஆயனின் படம் எத்தனையோ வீடுகளின் சுவரில் தொங்குகிறது. துடைப்பமும் விளக்குமாக நிற்கும் அந்தப் பெண்ணை யாராவது வரைந்து மாட்டியிருக்கிறார்களா? நம் ஓவிய வகுப்பு மாணவியர் முயன்று பார்க்கலாம்.