ஸ்க்ரூடிரைவருக்கு அடங்காத எஞ்சின்

கார்புரேட்டர் வண்டியைக் கோவையில் எவ்வளவு பக்குவமாக ட்யூன் பண்ணி அனுப்பினாலும், பாராலாச்சா கணவாய்க்குப் பக்கத்தில் போனதும் அது இரும ஆரம்பித்துவிடும். சைலன்சரில் கரும்புகை வரும். பிக்கப் இருக்காது. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி அப்பியது போல இருக்கும். "வண்டிக்கே மூச்சு வாங்குதுங்ண்ணா" என்பார்கள் பையன்கள். சரியாகத்தான் சொல்கிறார்கள்.

எனக்குத் தொழில் பைக் மெக்கானிக். கோடை பிறந்தால் லடாக் போகிற குழுக்களுக்குப் பின்னால், டூல்ஸும் ட்யூபுமாக பேக்கப் ஜீப்பில் போவேன். முன்னால் போகிறவர்களுக்கு மலை தெரியும். கடைசியில் வருகிற எனக்கு, மலை யாரை என்ன செய்தது என்பது தெரியும்.

வண்டியின் கோளாறு எளிது. மேலே காற்றில் ஆக்சிஜன் விகிதம் குறைவதில்லை. சென்னையிலும் லடாக்கின் கர்துங் லா கணவாயிலும் அதே 21 சதவீதம்தான். குறைவது காற்றழுத்தம். 5,300 மீட்டருக்கு மேல் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான் மிஞ்சும். ஆனால் கார்புரேட்டரின் ஜெட் கீழே விட்ட அளவுக்கே பெட்ரோலை விட்டுக்கொண்டிருக்கும். காற்று கம்மி, பெட்ரோல் ஜாஸ்தி, மிக்சர் கெட்டுப்போகும். ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறந்து, நீடில் கிளிப்பை ஒரு படி மேலே மாற்றினால் வண்டி தெளிந்துவிடும். பத்து நிமிஷ வேலை. இப்போதைய எஃப்.ஐ. (ஃப்யூயல் இன்ஜெக்ஷன்) வண்டிகளில் அதுவும் வேண்டாம், சென்சாரே அழுத்தத்தைப் பார்த்து பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். இழுவை குறைவதை மட்டும் யாராலும் தடுக்க முடியாது.

ஓட்டுகிறவன் உடம்புக்கு அப்படி ஒரு ஸ்க்ரூ கிடையாது. அழுத்தம் குறைந்தவுடன் மூச்சு வேகமாகிறது. வேகமாக மூச்சு விட்டால் கரியமில வாயு அதிகமாக வெளியேறி, ரத்தத்தின் அமிலத்தன்மை குறைகிறது. உடனே மூளை 'மூச்சு போதும்' என்று பிரேக் போடுகிறது. இந்த இழுபறியைச் சரிசெய்வது சிறுநீரகம். உபரி காரத்தைச் சிறுநீரில் தள்ளித் தள்ளி அது சமநிலைக்குக் கொண்டுவர நாள்கணக்கு ஆகும். சிவப்பணுக்கள் பெருக வாரக்கணக்கு. டையமாக்ஸ் மாத்திரை சிறுநீரகத்தின் அந்த வேலையைத்தான் முடுக்கிவிடுகிறது. டாக்டரைக் கேட்டுத்தான் போட வேண்டும், அதுவும் ஏறுவதற்கு முந்தைய நாளே. சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிட வேண்டும். விரல் நுனி குறுகுறுக்கும், பயப்பட வேண்டாம்.

இழுபறியை ராத்திரியில் கேட்கவே செய்யலாம். மணாலி-லே சாலையில் பாங் என்ற இடத்துக் கூடாரத்தில் பக்கத்துப் படுக்கைக்காரர் வேகவேகமாக மூச்சு விடுவார். பிறகு ஒன்றும் கேட்காது. போய்விட்டாரோ என்று நாம் எழுந்து உட்காரும்போது, பெரிய மூச்சொன்றை இழுத்து மறுபடி ஆரம்பிப்பார். முதல் தடவை பார்க்கிறவர்கள் அவரை உலுக்கி எழுப்பிவிடுவார்கள். அந்த உயரத்தில் நல்ல உடம்புக்காரர்களுக்கும் இது வரும்.

அதனால்தான் கணவாயின் உயரத்தைவிட, படுக்கிற இடத்தின் உயரத்தைக் கேளுங்கள் என்கிறேன். கர்துங் லாவில் நெடுங்காலம் 18,380 அடி என்று போர்டு இருந்தது. ஜி.பி.எஸ். அளவுப்படி அது 5,359 மீட்டர், அதாவது 17,600 அடிக்குச் சற்றுக் கீழே. உலகத்திலேயே உயரமான வண்டிச்சாலை என்ற பெருமையும் போய்விட்டது. எல்லைச் சாலைகள் அமைப்பு உம்லிங் லாவில் 19,024 அடியில் போட்ட சாலைக்கு 2021இல் கின்னஸ் சான்று கிடைத்தது. கர்துங் லாவோ உம்லிங் லாவோ, கணவாய் உச்சியில் நாம் நிற்பது அரை மணி நேரம். உடம்பைப் பதம் பார்ப்பது ராத்தங்கல்.

3,000 மீட்டருக்கு மேல் போய்விட்டால், படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்கிறது மலை மருத்துவம். மணாலி-லே சாலையில் இதை வைத்துப் பாருங்கள். மணாலி 2,050. அடுத்த ராத்திரி ஜிஸ்பா, 3,200. அதற்கடுத்து சர்ச்சு, 4,290. ஒரே நாளில் ஆயிரம் மீட்டருக்கு மேல்! சர்ச்சுவில் எங்கள் குழுவில் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைக்காத ஆள் அபூர்வம். தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை இவற்றில் ஒன்று சேர்ந்து வந்தாலும் அதற்கு மேல் ஏறக் கூடாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ, நேர்கோட்டில் நடக்கச் சொன்னால் தடுமாறினாலோ, விடியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. உடனே கீழே இறக்க வேண்டும்.

ஸ்ரீநகர் வழி உயரத்தைப் பொறுத்தவரை கருணையானது. ஜோஜி லா 3,528 மீட்டர்தான். தாண்டியதும் கார்கில், 2,676க்கு இறங்கிப் படுக்கலாம். மறுநாள் ஃபோட்டு லா 4,108, படுக்கை லேயில் 3,500. போவது ஸ்ரீநகர் வழி, திரும்புவது மணாலி வழி. எங்கள் குழுவுக்கு நான் விட்டுக்கொடுக்காத விஷயம் இது ஒன்றுதான்.

கணவாயை எதில் கடப்பது என்று கேட்டால், நான் பைக் விற்கிறவனோ கார் விற்கிறவனோ இல்லை என்பதால் தைரியமாகச் சொல்வேன்: சைக்கிள். மணாலியிலிருந்து மிதிக்கிறவர்கள் லே போய்ச் சேர ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். மோரே சமவெளியில் மத்தியான எதிர்க்காற்றில் அவர்கள் படும் பாட்டைப் பார்க்க நமக்கே பாவமாக இருக்கும். ஆனால் கால் வேகமும் சிறுநீரக வேகமும் அவர்களுக்கு ஓரளவு ஒத்துப்போய்விடுகிறது. நடையும் அப்படித்தான். குல்லுவிலிருந்து லாஹுலுக்கு ஹம்ப்தா கணவாய் (சுமார் 4,270 மீட்டர்) வழியாக நடக்கிறவர்கள் ராத்திரிக்கு ராத்திரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறுகிறார்கள். ஆட்டு மந்தையோடு காலங்காலமாக அந்த மலைகளைக் கடக்கும் கத்தி (Gaddi) இன மேய்ப்பர்களின் தடம் அது. தெற்குச் சரிவு பச்சைப்பசேல், கணவாயைத் தாண்டினால் வெறும் பாறை. கேரளப் பக்கம் மழை கொட்ட, தேனிப் பக்கம் காய்வதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்லத் தேவையில்லை.

கார்தான் என்னைப் பயமுறுத்துகிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஹீட்டர் போட்டு, பின்சீட்டில் குழந்தை தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அது தூக்கமா மயக்கமா என்று பார்க்க யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. 2020 அக்டோபரில் ஒன்பது கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை திறந்த பிறகு, ரோதாங் கணவாயில் ஏறி இறங்கிய பொழுதெல்லாம் மிச்சம். குளிர்காலத்தில் மாதக்கணக்காக அடைபட்டுக் கிடந்த லாஹுல் மக்களுக்கு அது பெரிய விடுதலை, அதைக் குறை சொல்ல மாட்டேன். மிச்சமான பொழுதை வைத்துக்கொண்டு மணாலியிலிருந்து ஒரே மூச்சில் சர்ச்சுவுக்கு ஓட்டுகிறார்களே, அவர்களைத்தான் திட்டுகிறேன்.

கற்பூரத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊர்க்காரர்கள் கைக்குட்டையில் முடிந்து முகர்ந்துகொண்டே வருகிறார்கள். மூக்கு ஜில்லென்று திறந்தது போலிருக்கும். ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் துளியும் அதிகரிக்காது. கடையில் விற்கும் ஆக்சிஜன் டப்பாவும் சில நிமிஷ சமாசாரம்.

சர்ச்சுவைத் தாண்டி காட்டா லூப்ஸ் என்று 21 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஓரிடத்தில் தண்ணீர் பாட்டில்கள் மலையாகக் குவிந்து கிடக்கும், நடுநடுவே சிகரெட். பனி விழும் பருவத்தில் லாரி பழுதாகி, டிரைவர் உதவி தேடிப் போக, காவலுக்கு இருந்த கிளீனர் குளிரிலும் தாகத்திலும் செத்துப்போனான், இப்போதும் போகிற வண்டிகளிடம் தண்ணீர் கேட்கிறான் என்பது லாரிக்காரர்கள் சொல்லும் கதை. பேய் இருக்கிறதோ இல்லையோ, கதை கட்டியவருக்கு அந்த உயரம் தெரிந்திருக்கிறது. உச்சியில் காத்திருக்காதே, தண்ணீர் குடி. இரண்டுமே சரியான புத்திமதி.

தண்ணீரில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. சாலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகும் ஓடையை அங்கே 'நாலா' என்பார்கள். வெயில் ஏற ஏற மேலே பனி உருகும். காலையில் கணுக்கால் அளவில் இருந்தது, பிற்பகலில் சைலன்சரை முழுக்காட்டும். அடியில் உருண்டைக் கற்கள். முதல் கியரில், கிளட்சைப் பிடிக்காமல், ஒரே சீரான ஆக்சிலரேட்டரில் போக வேண்டும். பார்வை அக்கரையில் இருக்க வேண்டும், சக்கரத்தில் அல்ல. நடுவில் வண்டி நின்றுவிட்டால் சைலன்சருக்குள் தண்ணீர் ஏறிவிடும், அப்புறம் எனக்கு வேலை. அதனால் விடியுமுன் கிளம்பச் சொல்வேன். எத்தனை பேர் கேட்கிறார்கள்?

வருஷா வருஷம் இந்தச் சாலையை ஒக்கிடுகிறவர்களில் பெரும்பகுதி ஜார்க்கண்ட் தொழிலாளர்கள். 2020 ஜூனில், ஊரடங்கு காலத்திலேயே, தும்காவிலிருந்து தனி ரயிலில் அவர்களை அழைத்துவந்தார்கள். சமவெளிக்காரர்கள்தான், நம்மைப் போல. தார் டிரம்முக்கு அடியில் நெருப்பு மூட்டிக்கொண்டு, 5,328 மீட்டர் தங்லங் லா பக்கம் அவர்கள் வேலை செய்வதைப் பார்த்தபின், போட்டோவுக்கு எந்த ஜாக்கெட் போடலாம் என்று கேட்கும் பையன்களிடம் எனக்குப் பொறுமை குறைந்துவிடுகிறது.

பட்டறைக்கு வருகிறவர்கள் எந்த பைக் எடுக்கலாம் என்கிறார்கள். எத்தனை நாள் லீவு என்று நான் திருப்பிக் கேட்பேன். பத்து நாளுக்குக் கீழே என்றால் லடாக் வேண்டாம், சிம்லாவிலிருந்து ஸ்பிதி போங்கள். கல்பா 2,960, தாபோ 3,280, காஸா 3,650 என்று அந்தச் சாலையே உங்களைப் படிப்படியாக ஏற்றிவிடும். காஸா போனபின் உடம்பு ஒத்துழைத்தால் குன்சும் லா, 4,551 மீட்டர். அதைத் தாண்டி கிராம்பு (Gramphu) என்ற இடம் வரை பெயருக்குத்தான் சாலை, நாலாக்கள் நிறைய. ஸ்பேர் கிளட்ச் கேபிள் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள்.